கருவி இருக்கட்டும்... கை துணியட்டும்!



'வால்வ் டைமிங் படம் வரைந்து பாகங்களைக் குறி' என்று கேள்வி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து விடுவோம். மார்க்கும் வாங்கி விடுவோம். ஆனால் அந்த டைமிங்கைக் காப்பாற்றுகிற கேம் செயின் டென்ஷனர் நம் வீட்டு பைக்கில் எங்கே இருக்கிறது? "மெக்கானிக்கைத்தான் கேட்கணும்" என்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

டென்ஷனரை வீட்டிலேயே மாற்றலாம் என்பது என் கட்சி. சரியான கருவி இல்லாமல் அதைத் தொடவே கூடாது என்பதும் என் கட்சிதான்!

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. 6000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. இந்தத் தாளம் தப்பாமல் காப்பது ஒரு செயின். ஓட ஓட அது தேய்ந்து நீளும். அந்தத் தொய்வை இழுத்துப் பிடிப்பது டென்ஷனர். அது சோர்ந்தால் எஞ்சின் சலசலவென்று புலம்பும். கண்டுகொள்ளாமல் விட்டால் செயின் பல் தாண்டலாம். பிஸ்டன் வால்வை முட்டி வளைத்து விடலாம். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

என் சித்தப்பா பால் ஊற்றுகிறவர். வண்டி நின்றால் வருமானம் நின்றது. ஒரு பட்டறையில் சத்தத்தைக் கேட்டதுமே, திறந்துகூடப் பார்க்காமல், "டைமிங் செட் மொத்தமா மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. நான் முதலில் ஆயில் அளவைப் பார்த்தேன். ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட் இடைவெளி பார்த்தேன். இரண்டும் சரி. டென்ஷனரைக் கழற்றினால் ஸ்பிரிங் செத்துக் கிடந்தது. ஞாயிறு மதியம் மாற்றினோம். திங்கள் விடியலில் பால் போய்ச் சேர்ந்தது.

"அப்போ நாமளும் ஸ்குரூ டிரைவரைத் தூக்கலாமா?" கொஞ்சம் பொறுங்கள்!

முதல் கருவி, அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல். எல்லா எஞ்சினிலும் அமைப்பு ஒன்றல்ல. பல பைக்குகளில் டென்ஷனர் சிலிண்டரின் பின்புறம் இரண்டு போல்ட்டில் நிற்கும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிராங்கைக் கையால் சுற்றி, 'டி' குறியைச் சேர்க்க வேண்டும். ராக்கர் இரண்டும் லூசாக ஆடினால்தான் அது கம்ப்ரஷன் டி.டி.சி. டென்ஷனர் வெளியே இருக்கும்போது கிராங்கை அசைக்கவே கூடாது. ஸ்குரூ வகை என்றால் நடு போல்ட்டை எடுத்து, சிறு தட்டை முனைக் கருவியால் தண்டை உள்ளிழுத்துப் பிடித்த பிறகே மாட்ட வேண்டும். நீட்டிய தண்டை போல்ட் போட்டு இழுத்து உட்கார வைத்தால் செயினும் கைடும் பாழ்!

போல்ட் 6 மி.மீ. மரை, உட்காருவதோ அலுமினியத்தில். ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும். முரட்டுக் கை பட்டால் மரை போய்விடும். கார் வீல் நட்டுக்கான பெரிய டார்க் ரெஞ்ச் இதற்கு ஆகாது, சின்னது வேண்டும். புது பேக்கிங் வைத்து மாட்டிய பின், கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிக் குறிகளைச் சரிபாருங்கள். எங்காவது முட்டினால் நிறுத்துங்கள். அதுவரை செல்ஃப் பட்டன் பக்கமே போகாதீர்கள்!

பட்டறை அண்ணன்மார் பிழைப்பு கெடுமே என்பீர்கள். கெடாது. நாளை அதே பட்டறையில் நிற்கப் போவது நம்மில் பாதிப் பேர்! வாரண்டி உள்ள வண்டியை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம்.

சரி, சின்ன டார்க் ரெஞ்சுக்கு எங்கே போவது? பஸ் பாஸில் வருகிற நமக்குத் தனித்தனியே வாங்க வசதியில்லை. அதனால் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவின் மேடை அலங்காரச் செலவில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு ஃபீலர் கேஜ், டி ஸ்பேனர் செட், நாலைந்து சர்வீஸ் மேனுவல். பொதுப் பெட்டியாக ஒர்க் ஷாப்பில் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டு வாங்கி, துடைத்துத் திருப்பித் தருவோம்.

சீரியல் பல்புகள் மறுநாள் கழற்றப்படும். அந்தப் பெட்டியோ நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கும் உதவும். சிந்திப்பீர்களா, தோழர்களே?

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்