படம் எடுக்கப் பணம் எங்கே?

கடலூர், சிதம்பரம் பக்கத்து வாலிபர்கள் சிலர் பாட்டாளிகளின் வாழ்வைக் கைபேசியில் பார்க்கும் தொடராக எடுக்கத் துடிக்கிறார்கள். கதை இருக்கிறது, நடிக்க ஆள் இருக்கிறது. பணம்தான் இல்லை. ஓடிடி கம்பெனிகளோ பெரிய நடிகர் யார் என்று கேட்கின்றன.

நம் ஜில்லாவின் கதை படமாகாமல் இல்லை. 1993-ல் கம்மாபுரம் போலீசாரின் சித்திரவதையில் மாண்ட ராஜாக்கண்ணுவின் வழக்கு, 2021-ல் ‘ஜெய் பீம்’ ஆக வந்தது. நடிகர் சூர்யா தயாரித்தார், பாராட்டுகிறோம். ஆனால் ஏழையின் கதை ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம் மனம் வைக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டுமா?

தமிழகத்தில் தோழர்களும் நண்பர்களும் பங்கு சேர்த்து 1960-ல் ‘பாதை தெரியுது பார்’ எடுத்தார்கள். நிமாய் கோஷ் இயக்கம், எம்.பி.சீனிவாசன் இசை. பாட்டு இன்றும் வாழ்கிறது. படம் வசூலில் தோற்றது. குஜராத்திலோ 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு ரூ.2 போட, ஷியாம் பெனகல் 1976-ல் ‘மந்தன்’ எடுத்தார். காசு போட்ட விவசாயிகளே லாரி லாரியாக வந்து பார்த்தார்கள்! பணம் கொடுத்தவனே பார்ப்பவனும் ஆனான். கேரளத்தில் ஜான் ஆப்ரகாமின் ஒடேசா குழுவும் ஊர் ஊராகப் படம் காட்டிக் காசு திரட்டியே 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்தது.

ஆகவே வாலிபர்களே, சென்னைக் கம்பெனி வாசலில் நிற்பதை விடுங்கள். நெல்லிக்குப்பம் கரும்பாலை வாசலிலும், சிதம்பரம் வட்டத்து நடவு வயல்களிலும் முதலில் கதையைப் படித்துக் காட்டுங்கள். தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கிளைதோறும் ரூ.10 சீட்டுப் போடட்டும். வரவு செலவைக் கூட்டத்தில் வாசியுங்கள். முதல் பாகம் முடிந்ததும், சீட்டு வாங்கிய தெருவிலேயே திரை கட்டிக் காட்டுங்கள்.