சூட்டு வலியா, நிஜ வலியா?

'பத்து மாசம் சுமந்து பெத்தேன்டா!' என்று சினிமா அம்மாக்கள் அழும்போது தியேட்டரில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தால் கொஞ்சம் இடிக்கும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். காலண்டர்படி ஒன்பது மாசம் ஒரு வாரம். 28 நாளுக்கு ஒரு மாசம் என்று வகுத்தால் சரியாகப் பத்து. ஆக, அம்மாவும் கரெக்ட், டாக்டரும் கரெக்ட். ஆபீஸ் போகும் கணவன்தான் இரண்டு கணக்கிலும் சேராமல், 'டெலிவரி அடுத்த குவார்ட்டர்லதான் சார்' என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறான். (நான் சொல்வது மூன்று மாசக் குவார்ட்டர்!)

குழந்தைக்குக் குவார்ட்டர் கணக்கெல்லாம் தெரியாது. சில குழந்தைகள் முன்கூட்டியே கதவைத் தட்டிவிடும். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் அது குறைப்பிரசவம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2020ல் இப்படிப் பிறந்த குழந்தைகள் உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம். அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் சுமார் 30 லட்சம். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணமும் இந்தக் குறைப்பிரசவச் சிக்கல்கள்தான்.

இதை முதலில் மோப்பம் பிடிப்பவர் யார்? பெரிய டாக்டர் என்று நினைப்பீர்கள். இல்லை. ஸ்கேன் மெஷின்? அதுவும் இல்லை. பெரும்பாலும் ஒரு இன்ச் டேப், ஒரு பி.பி. மெஷின், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து ஓயாமல் கேள்வி கேட்கும் நர்ஸம்மாதான். கிராமத்தில் சுகாதார செவிலியர், ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ்.

முதல் கேள்வியே தமிழ்நாட்டு ஸ்பெஷல். 'கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?'

கூட வந்த கணவன் முந்திக்கொண்டு, 'நேத்து வெள்ளிக்கிழமைதான் சிஸ்டர், எண்ணெய் தேச்சு!' என்பான். நர்ஸம்மா முறைப்பார். அவர் கேட்டது எண்ணெய்க் குளியல் இல்லை ஐயா, மாதவிலக்குத் தேதி. அந்தத் தேதி தப்பானால் மேற்கொண்டு எல்லாக் கணக்கும் தப்பு. பேலன்ஸ் ஷீட்டில் ஓப்பனிங் பேலன்ஸ் தப்பாக எழுதின மாதிரி. தேதி சந்தேகம் என்றால், முதல் மூன்று மாசத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் அதை நேராக்கும். அதனால்தான் 'சீக்கிரம் வந்து பதிவு பண்ணுங்க' என்று அவர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

அடுத்து: 'இதுக்கு முன்னாடி குறைமாசத்துல பிறந்திருக்கா?' இது லட்ச ரூபாய்க் கேள்வி. ஒருமுறை முன்கூட்டிப் பிறந்திருந்தால் மறுபடியும் அப்படி ஆகும் வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் மாமியார் பக்கத்தில் இருந்தால் இந்தக் கேள்விக்கு 'அதெல்லாம் ஒண்ணுமில்லே' என்றுதான் பதில் வரும். திருஷ்டி பட்டுவிடும் என்று மறைப்பார்கள். மறைத்தால் நஷ்டம். சொல்லிவிட்டால் டாக்டர் ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பார். குறைந்திருந்தால் புரொஜெஸ்டிரோன் மருந்து உண்டு. சிலருக்கு வாயில் தையல் போட்டுக் காப்பாற்றலாம். அந்தத் தையலை 1955ல் உலகத்துக்குச் சொன்னவர் பம்பாய் டாக்டர் ஷிரோத்கர். இன்றைக்கும் வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் அது 'ஷிரோத்கர் தையல்'தான். நம்ம ஊர்ச் சரக்கு!

பிறகு வயிற்றில் இன்ச் டேப் வைப்பார். 24 வாரத்துக்குப் பிறகு சென்டிமீட்டரும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடும். 28 வாரத்தில் 28 சென்டிமீட்டர் சுமார். மீட்டர் ரொம்ப எகிறினால், உள்ளே ஒன்றுக்கு இரண்டு பேர் இருக்கலாம், தண்ணீர் அதிகமாக இருக்கலாம். இரண்டுமே முன்கூட்டிப் பிறக்கும் ரகம். சிறுநீரை வாங்கிக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அனுப்புவார். எரிச்சல், ஜுரம் எதுவுமே இல்லாமலும் கிருமி ஒளிந்திருக்கும், அதுவே வலியைக் கிளப்பிவிடும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. பி.பி. 140/90ஐத் தொட்டால் சிவப்பு மையில் வட்டம்.

பிறகு ஒரு கேள்வி: 'வீட்டுல யாரு சிகரெட் பிடிக்கிறது?'

கணவன் உடனே சீலிங் ஃபேனின் கம்பெனிப் பெயரைப் படிக்க ஆரம்பிப்பான். பிடிப்பவன் நீங்கள், புகை போவது இரண்டு பேருக்கு. அந்தப் புகையும் குறைப்பிரசவக் காரணங்களின் லிஸ்டில் உண்டு. சில கேள்விகளுக்கு முன்னால் நர்ஸம்மா உங்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்வார். வீட்டில் அடி, உதை, திட்டு உண்டா என்று கேட்கத்தான். அதுவும் லிஸ்டில் இருக்கிறது. கோபப்படாமல் வெளியே போய் நில்லுங்கள்.

சரி, இனிமேல்தான் முக்கியமான கட்டம். ராத்திரி பதினோரு மணி. ஏழரை மாசம். 'இடுப்பு வலிக்குது, வயிறு இறுகி இறுகி விடுது' என்கிறாள் மனைவி. வீட்டுப் பெரியவர்கள் உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: 'சூட்டு வலிடீ! சீரகத் தண்ணி குடி, சரியாப் போயிடும்.'

பல சமயம் சூட்டு வலியாகவே இருக்கும். அதில்தான் ஆபத்து. பத்துத் தடவை ஜெயித்த ஜோசியனை நாம் பதினோராவது தடவையும் நம்புவோம். நர்ஸம்மா ஜோசியம் சொல்வதில்லை. வயிற்றில் கையை வைத்து வாட்சைப் பார்ப்பார். இறுக்கம் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை வருகிறது? படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்குகிறதா, இல்லை நெருங்கி நெருங்கி வருகிறதா? பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வந்தால், அடிவயிறு கீழே அழுத்தினால், தண்ணீர் மாதிரி கசிந்தால், ரத்தம் பட்டால் நேரே ஆஸ்பத்திரி. கசிவும் ரத்தமும் வலியே இல்லாவிட்டாலும் அப்படித்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதே கிடையாது.

ஏன் இந்த அவசரம்? அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கதையைக் கேளுங்கள். 1963 ஆகஸ்ட் 7ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டி. எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நுரையீரல் பழுக்கவில்லை. உலகத்தின் பெரிய பதவியில் இருந்த அப்பாவால் செய்ய முடிந்தது, ஆஸ்பத்திரியில் காத்திருந்ததுதான். 39 மணி நேரத்தில் குழந்தை போய்விட்டது.

அதே காலத்தில் நியூஸிலாந்தில் லிகின்ஸ் என்ற டாக்டர் செம்மறியாடுகளை வைத்துப் பிரசவ வலி எப்படி ஆரம்பிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஒரு குட்டி குறைமாசத்தில் பிறந்தது. செத்திருக்க வேண்டிய குட்டி, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது! மருந்து நுரையீரலைப் பழுக்க வைத்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். ஹோவி என்ற குழந்தை டாக்டரோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து 1972ல் ரிசல்ட்டை வெளியிட்டார். உலகம் உடனே கைதட்டியதா? இல்லை. அமெரிக்காவில் அரசு நிபுணர் குழு கூடி 'எல்லோரும் கொடுங்கள்' என்று சொல்ல 1994 ஆனது. 22 வருஷம்! நம்ம கவர்ன்மென்ட் ஃபைல்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அந்த ஊசியில் ஒரே ஒரு சிக்கல். அது வேலை செய்ய நேரம் வேண்டும். முதல் ஊசி போட்டு 24 மணி நேரமாவது குழந்தை உள்ளே இருந்தால்தான் முழுப் பலன். இங்கே வீட்டில் சீரகத் தண்ணீர் கொதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த 24ல் கழிகிறது. விலை உயர்ந்த மருந்தும் இல்லை. டெக்ஸாமெத்தசோன், 12 மணிக்கு ஒன்றாக நாலு ஊசி, முடிந்தது. 24லிருந்து 34 வாரத்துக்குள் நிஜ வலி என்று தெரிந்தால் முதல் ஊசியைத் துணை சுகாதார நிலையத்து நர்ஸே போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசு 2014ல் வழிமுறை வெளியிட்டது. (நாமே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாசாரமில்லை இது. வாரக் கணக்கு தப்பினால் கெடுதல். முதல் கேள்வியை ஏன் அத்தனை கறாராகக் கேட்டார் என்று இப்போது புரிகிறதா?)

நம்ம ஊரில் இன்னொரு வில்லங்கம் வளைகாப்பு. வளையலையோ ஐந்து வகைச் சாதத்தையோ நான் குறை சொல்லவில்லை. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசம் வளையல் போட்டுப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். ஆறு மாசமாகப் பார்த்த நர்ஸ் ஒரு ஊரில், பெண் வேறு ஊரில். கவனமாக இருக்கவேண்டிய வாரங்கள் ஆரம்பிக்கிற நேரத்தில்தான் இந்த டிரான்ஸ்ஃபர்! பட்டுப்புடவை மறக்காமல் போகும், பலகாரத் தூக்கு போகும். தாய் சேய் அட்டை மட்டும் உங்கள் பீரோவில் தூங்கும். புது ஊர் நர்ஸம்மாவுக்கு அந்த அட்டைதான் சர்வீஸ் ரெக்கார்டு. அதையும் பிக்மி நம்பரையும் கையில் கொடுத்து அனுப்புவது கணவனின் டிபார்ட்மென்ட். அங்கே போன முதல் வாரமே நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'ஏழாம் மாசக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாசம் பிழைக்காது' என்று ஒரு கிழட்டு வசனம் உண்டு. சுத்தப் பொய். உள்ளே கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

எல்லாக் குறைப்பிரசவத்தையும் தடுத்துவிட முடியுமா? முடியாது. எந்தக் காரணமும் இல்லாமல், எல்லாம் சரியாகச் செய்த பெண்ணுக்கும் வலி முன்னதாக வரும். அப்போது 'நீ மாடிப்படி ஏறினே, அதான்' என்று அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். தடுக்க முடியாவிட்டாலும், சரியான ஆஸ்பத்திரிக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேரலாம். குழந்தைக்குத் தாயின் வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது. பிறந்த பிறகு பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே 108ல் ஏற்றிவிடுவது எவ்வளவோ மேல்.

ஆகவே இளைஞர்களே, நர்ஸம்மாவின் போன் நம்பரை உங்கள் செல்லில் ஏற்றிவையுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் மனைவி 'இறுகுது' என்றால் வாட்சைப் பாருங்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். போய்ப் பார்த்து, 'இது வெறும் சூட்டு வலிதான், வீட்டுக்குப் போங்க' என்று நர்ஸ் சிரித்தால், நீங்களும் சிரித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

சீரகத் தண்ணீர் எங்கேயும் ஓடிப்போகாது. வந்து குடித்துக்கொள்ளலாம்.