முதல் பழைய வண்டி வாங்கியதும் அறுக்கப் போகிற பிள்ளைகளுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். முப்பது வருடம் உங்கள் கோபத்தைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

என்னிடம் படித்த பிள்ளைகள் மூன்று பேர் சமீபத்தில் பழைய புல்லட் வாங்கியிருக்கிறார்கள். மூவருக்கும் அதுதான் முதல் பழைய வண்டி. படம் அனுப்பி, "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த செய்தியிலேயே ஒருவர் சொல்கிறார்: "பாபர் பண்ணப் போறேன் சார். சேசிஸைப் பின்னாடி கட் பண்ணி சிங்கிள் சீட், ஹேண்டில்பாரை ஏத்தி, பின்னாடி அகல டயர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்." வண்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒழுங்காகக் கிக் அடிக்க இன்னும் வரவில்லை. அதற்குள் அறுக்க நாள் குறித்தாயிற்று!

என் கட்சியை நேராகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியை முதல்முறை வாங்கியவர், முதல் ஒரு வருடம் அதில் எதையும் அறுக்கக் கூடாது, வெல்டு வைக்கக் கூடாது. ஓட்ட வேண்டும், பழக வேண்டும், பழுது பார்க்க வேண்டும். அழகுபடுத்துவதை எல்லாம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

"என் வண்டி, என் காசு. உங்களுக்கு என்ன சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த வண்டி என்ன என்று தெரியுமா? 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டோடு கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. நம் திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அந்த ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. பெற்ற ஊரில் நின்றுபோன வண்டியை நம் ஊர்க்காரர்கள் தொடர்ந்து செய்து ஓட்டினார்கள். டாங்கில் இருக்கிற தங்கக் கோட்டைப் பாருங்கள். அது ஒரு மனிதர் தூரிகையால் இழுத்த கோடு. அதைச் சுரண்டிவிட்டு மேட் பிளாக் அடிக்கிறார்கள். தெருவுக்கு நாலு வண்டி மேட் பிளாக்கில் நிற்கிறது. இதில் "தனித்துவம்" எங்கே இருக்கிறது?

சரி, பழம்பெருமையை விடுங்கள். இயற்பியலுக்கு வருவோம். 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 346 சிசி வரும். விட்டத்தைவிட ஸ்ட்ரோக் நீளம், கூடவே கனமான ஃப்ளைவீல். அதனால்தான் குறைந்த வேகத்திலும் இழுக்கிறது, அதனால்தான் அந்த "டப் டப்" சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் ஆசைப்பட்டு வாங்குகிறீர்கள். பிறகு அதைக் கெடுக்கிற சைலன்சருக்குத் தனியாகக் காசு கொடுக்கிறீர்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, சைலன்சரையும் திறந்துவிட்டால் காற்று அதிகம் போகும். கார்புரேட்டர் ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் பெட்ரோல் போதாது. கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். ஏற்காடு ஏற்றத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு, பின்சக்கரம் நின்று இழுத்துக்கொண்டு போகும்போதுதான் விஷயம் புரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், செங்கல் பழுப்பு என்றால் சரி. ஐந்து நிமிட வேலை. வண்டியை அறுக்கப் போகிற எத்தனை பேர் இதைப் பார்த்திருக்கிறீர்கள்?

அகல டயர் போட்டால் செயின் உரசும். செயினைத் தள்ளி வைத்தால் ஸ்ப்ராக்கெட் நேர்கோட்டில் நிற்காது. ஹேண்டில்பாரை ஏற்றினால் கிளட்ச், பிரேக் கேபிள் எல்லாம் நீளம் பற்றாமல் இழுபடும். ஒன்றைத் தொட்டால் நாலு இடத்தில் அது கேட்கும். இதெல்லாம் தெரிந்த பிறகு மாற்றுகிறவரை நான் எதிர்க்கவில்லை. தெரியாமல் மாற்றுகிறவரைத்தான் எதிர்க்கிறேன்.

இன்னொன்று. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஒன்று மேலே, மூன்று கீழே. இத்தனை நாள் புது வண்டி ஓட்டிய கால், குறுக்கே ஆள் வந்தால் பழக்கத்தில் வலது பக்கத்தைத்தான் மிதிக்கும். அங்கே பிரேக் இருக்காது, கியர் மாறும். முன்னால் இருப்பதோ டிரம் பிரேக். அந்தக் கால் பழகவே மாதக்கணக்காகும். பழகுவதற்குள் வண்டியின் எடையையும் உட்காரும் உயரத்தையும் மாற்றிவிட்டால் எதைத்தான் பழகுவீர்கள்?

அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். பவுடர் கோட்டிங்கில் சேசிஸ் நம்பர் மறைந்துபோனால் ஆர்.டி.ஓ. வாசலில் யார் நிற்பது?

50 வருடம் கடந்த வண்டிக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. "விஏ" என்ற எழுத்தோடு விண்டேஜ் பதிவு தருகிறார்கள். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ரேலிக்கும்தான். ஆனால் சேசிஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1974 வண்டியை அறுத்தவர் அந்தத் தகுதியையும் சேர்த்தே அறுக்கிறார்.

"அப்போ எதுவுமே பண்ணக் கூடாதா சார்?" பண்ணலாம். எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: போல்ட்டில் மாட்டியதை நாளைக்குக் கழற்றலாம், அறுத்ததைக் கழற்ற முடியாது. நல்ல டயர், புது பிரேக் லைனர், புது ஒயரிங், பளிச்சென்று எரியும் பிரேக் லைட், கண்ணாடி, முதுகு வலிக்காத சீட், பக்கப் பெட்டி. இதெல்லாம் தாராளமாகப் போடுங்கள். கழற்றிய ஒரிஜினல் சாமானைத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராதீர்கள். அது நேரே பழைய இரும்புக் கடைக்குப் போகும். பிறகு அதையே தேடிப் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைவீர்கள்.

இந்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆமீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை மேல்முனை தாண்ட வைத்து, பிறகு கிக் அடிக்கப் பழகுங்கள். முரட்டுத்தனமாக மிதித்தால் கணுக்காலைத் திருப்பி அடிக்கும். பாயிண்ட் இடைவெளி வைக்கவும், செயின் தளர்வு பார்க்கவும், ஆயில் மாற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் வலது பக்கக் கியர் புல்லட்டைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிற ஒரு பெரியவர் இன்னும் கடை வைத்திருப்பார். அவர் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு உட்காருங்கள். அவருக்குப் பிறகு அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. வீடியோவில் அந்தக் காது கிடைக்காது.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. "பையன் ஆசைப்படுறான்" என்று மாடிஃபிகேஷனுக்குப் பணம் எடுத்துக் கொடுக்கிற அம்மாக்களே, அப்பாக்களே, அந்த சிங்கிள் சீட்டில் வரப்போகிற மருமகள் எங்கே உட்காருவாள் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

ஒரு வருடம் கழித்தும் அறுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள், வாதாடுவோம். ஆனால் 1,000 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

கோபித்துக்கொண்டவர்கள் கீழே எழுதலாம், எல்லோருக்கும் பதில் உண்டு. ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்