பாதி விலை மாத்திரை... பரீட்சையில் பாஸா?

'பாதி விலைக்குக் கிடைக்கிற மாத்திரை பாதி வேலைதானே செய்யும்?'

மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் என்று வந்த பிறகு இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுகிறது. சித்த மருத்துவனான என்னிடமே கேட்கிறார்கள். 'இங்கிலீஷ் மருந்தே அப்படித்தாங்க' என்று நான் தலையாட்டுவேன் என்று சிலருக்கு ஓர் எதிர்பார்ப்பு! நான் தலையாட்டுவதில்லை. பரீட்சை எழுதியவனைப் பார்த்து, பரீட்சை ஹாலுக்கே வராதவன் சிரிப்பது நியாயமா?

ஒரிஜினல் மருந்தின் காப்புரிமை முடிந்த பிறகு, அதே மூலப்பொருளை அதே அளவில் வைத்து மற்ற கம்பெனிகள் தயாரிப்பதுதான் ஜெனரிக். 'அதே மருந்து, அதே அளவுன்னா போதாதா?' என்பீர்கள். போதாது! எங்கள் வைத்தியத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு. ஒரே பற்பத்தைத் தேனில் குழைப்பதும் நெய்யில் குழைப்பதும் ஒன்றல்ல என்போம். மாத்திரைக்கும் இது பொருந்தும்.

1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிட்டு வந்தவர்கள் பலர் திடீரென்று தள்ளாட ஆரம்பித்தார்கள். மருந்தின் அளவு மாறவே இல்லை. காப்ஸ்யூலில் நிரப்பும் பொடியை மட்டும் மாற்றியிருந்தார்கள். கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. அதனால் ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறிவிட்டது.

இதனால்தான் ஜெனரிக் மருந்துக்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். ஆரோக்கியமான இருபது, முப்பது பேருக்கு ஒருமுறை ஒரிஜினல், சில நாள் இடைவெளி விட்டு மறுமுறை ஜெனரிக். இரண்டு தடவையும் ரத்தம் எடுத்து, மொத்தம் எவ்வளவு ஏறியது, உச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஒரிஜினல் 100 என்றால் ஜெனரிக் 80-க்கும் 125-க்கும் நடுவே இருக்க வேண்டும்.

'அப்போ 20 குறைஞ்சாலும் பாஸா?' இல்லை. சராசரி மட்டுமல்ல, கணக்கில் வரக்கூடிய ஏற்ற இறக்கத்தின் முழு வீச்சும் அந்த வேலிக்குள் அடங்க வேண்டும். 1996 முதல் 2007 வரை தேறிய மருந்துகளின் 2,070 ஆய்வுகளை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அலசியது. மொத்த அளவில் சராசரி வித்தியாசம் 3.56 சதவீதம்தான்!

சரி, எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது? இங்கேதான் சிக்கல். ஒரே ஆளுக்கு ஒரே மருந்து இன்று ஒரு மாதிரி ஏறும், அடுத்த வாரம் வேறு மாதிரி. இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பது முன்கூட்டியே சரியாகத் தெரியாது. ஆள் குறைந்தால் நல்ல மருந்தும் ஃபெயிலாகும். ஆளைக் கூட்டினால், தேவையில்லாமல் பலர் ரத்தம் கொடுக்க வேண்டிவரும்.

இதற்கு ஒரு வழி, இரண்டு கட்டச் சோதனை. முதலில் சிலரை வைத்துப் பார்ப்பது. முடிவு தெளிவாக இல்லையென்றால், கிடைத்த கணக்கை வைத்து இன்னும் சிலரைச் சேர்ப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வாய்ப்பு கொடுத்தால், தகுதியில்லாத மாத்திரை அதிர்ஷ்டத்தில் பாஸாவதும் கூடுமே! அது 100-க்கு 5-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த 5-ஐ 2.94 ஆகக் குறைத்து இறுக்குகிறார்கள். 2008-ல் பாட்வின் குழுவினர் கம்ப்யூட்டரில் ஏராளமான கற்பனைச் சோதனைகளை ஓட்டி, இம்முறை தாங்குமா என்று பார்த்தார்கள். ஐரோப்பிய மருந்து ஏஜென்சியின் 2010 வழிகாட்டுதலும் இதை ஏற்றது. ஆனால் சோதனை தொடங்கும் முன்பே திட்டத்தை எழுதி வைத்துவிட வேண்டும்.

இந்த நிபந்தனைதான் உயிர்நாடி என்பேன். முதலில் தோற்றுவிட்டு, அதை மறைத்து, 'இன்னும் பத்துப் பேரைச் சேர்' என்று பாஸாகும்வரை சேர்த்துக்கொண்டே போனால் அது சோதனை அல்ல, சூதாட்டம். பாதிக்கப்படுவது வலிப்பு மாத்திரை சாப்பிடும் நம் வீட்டுப் பிள்ளை!

நம் நாட்டில் 2017 ஏப்ரலில்தான், எளிதில் கரையாத மருந்து வகைகளுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல காரியம். இன்னொன்றும் செய்யலாம். தேறிய சோதனை, தோற்ற சோதனை இரண்டையும், எத்தனை கட்டம், எத்தனை பேர் என்ற விவரத்தோடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கட்டும். விலை குறைந்த மருந்து ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் வரப்பிரசாதம். அதன் மேல் நம்பிக்கை வர, விளம்பரத்தைவிட இந்த விவரம்தான் உதவும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெனரிக் என்றதும் பயப்படாதீர்கள். ஆனால் வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்ற மருந்துகளில் அளவு கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து. இவற்றை மாதம் ஒரு கம்பெனியாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். மாற்ற நேர்ந்தால் பழைய அட்டையையும் புது அட்டையையும் எடுத்துப்போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை செய்து சரிபார்ப்பார்.