இன்ஹேலரை நிறுத்தி நான் "சேமிச்ச" கதை: ஆஸ்துமா, பிபி ரெண்டும் இருக்கறவங்களுக்கு

மாசச் செலவை வெட்டுறது பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கேன். ஓடிடி, ஜிம், ஸ்விக்கின்னு ஒவ்வொண்ணா வெட்டச் சொல்லியிருக்கேன். நான் வெட்டின ஒரு செலவை மட்டும் இதுவரைக்கும் வீடியோல சொன்னதில்லை. சொல்ல கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு, அதான்.

எனக்கு அஞ்சாவது படிக்கறப்பவே இழுப்பு. வேலைக்குச் சேர்ந்த அப்புறம் தினமும் காலையும் ராத்திரியும் எடுக்க ஒரு இன்ஹேலர், மூச்சு இறுக்குனா எடுக்க ஒரு நீல இன்ஹேலர், ரெண்டும் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தினசரி இன்ஹேலருக்கு மாசம் 430 ரூபா ஆகும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புது இஎம்ஐ ஒண்ணு சேர்ந்தப்போ எக்செல் ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு வரியா பார்த்தேன். "மூச்சு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இது?"ன்னு அந்த 430-ஐ அழிச்சிட்டேன். அது நல்லா இருந்ததே அந்த மருந்தாலதான்னு அப்போ தோணல.

ஏழு மாசம் ஓடுச்சு, 3,010 ரூபா மிச்சம். அதே ஏழு மாசத்துல நீல இன்ஹேலர் அஞ்சு டப்பா காலி. ஒவ்வொண்ணுலயும் 200 டோஸ் இருக்கும். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் பார்க்குற வழிகாட்டி ஜினா. வருஷத்துக்கு மூணு டப்பாவோ அதுக்கு மேலயோ தீர்ந்தாலே கடுமையான மூச்சுத்திணறல் வர்ற அபாயம் கூடுதல்னு அதுல இருக்கு. நீல இன்ஹேலரை மட்டும் நம்பி இருக்கக் கூடாதுன்னு 2019-லயே அந்த வழிகாட்டி மாறிடுச்சு. காரணம் எளிமையானது. நீல மருந்து சுருங்கின மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ள இருக்கற வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைக்கிறது தினசரி இன்ஹேலர்ல இருக்கற ஸ்டீராய்டு. அது மிகச் சின்ன அளவுல நேரா நுரையீரலுக்குப் போறதால, வழக்கமான டோஸ்ல பிபியை ஏத்துற பிரச்சனை பெருசா கிடையாது.

நீல மருந்து அதிகமானா கை நடுங்கும், இதயம் படபடன்னு அடிக்கும். எனக்கும் அடிச்சுது. அதே சமயத்துல ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல பிபி 150/100. பயந்துபோய் பக்கத்துல இருந்த கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா தம்பி?"

"இல்ல சார்"னு சொன்னேன். பொய் சொல்லணும்னு சொல்லல. இன்ஹேலர் என் மனசுல மாத்திரையே இல்ல. பையில கிடக்குற ஒரு பொருள், பவர் பேங்க் மாதிரி.

படபடப்பு, பிபி ரெண்டுக்கும் சேர்த்து ப்ரோப்ரனோலால் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரியாதது இதுதான்: நீல இன்ஹேலர் நுரையீரல்ல எந்தப் பூட்டைத் திறக்குதோ, அதே பூட்டை ப்ரோப்ரனோலால் அடைச்சிடும். அதுவே இழுப்பை வரவைக்கலாம். வந்த இழுப்புக்கு நீல மருந்து அடிச்சாலும் சரியா வேலை செய்யாது. மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எட்டு பஃப் அடிச்சும் அடங்கல. அம்மா ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. எமர்ஜென்சில இருந்த டியூட்டி டாக்டர் மேடம் என் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு, "ஆஸ்துமா இருக்குன்னு அவர்கிட்ட சொன்னீங்களா சார்?"னு மட்டும் கேட்டாங்க.

ரெண்டு நாள் அட்மிஷன், பில் 46,300. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் 37,800 கொடுத்துச்சு, கைக்காசு 8,500. டிஸ்சார்ஜ் ஆனப்போ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையால அந்த வாரம் பிபி இன்னும் ஏறுச்சு, அது தனிக் கதை. அந்த மாதிரி மாத்திரை பிபியை ஏத்தும்னு டாக்டரே முன்கூட்டிச் சொல்லிட்டாங்க.

இங்க ஒரு விஷயம். நான் டாக்டர் இல்ல, இதைப் படிச்சிட்டு எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க. "ஓலால்"னு முடியற மாத்திரைகளைத் திடீர்னு நிறுத்துறதும் இதயத்துக்கு ஆபத்து. நீங்க செய்ய வேண்டியது டாக்டர்கிட்ட கேள்வி கேக்குறது. பேர் "ஓலால்"னு முடிஞ்சா, "எனக்கு ஆஸ்துமா இருக்கு, இது ஒத்துக்குமா?"ன்னு கேளுங்க. எனாலாப்ரில், ராமிப்ரில்னு "ப்ரில்"ல முடியற பிபி மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அதை ஆஸ்துமான்னு நெனச்சு இன்னொரு இன்ஹேலர், எக்ஸ்ரே, சிரப்னு காசு கரையும். அம்லோடிபின், டெல்மிசார்ட்டான் மாதிரி மருந்துகளுக்கு நுரையீரலோட பெரிய சண்டை இல்ல. எனக்கு இப்போ டெல்மிசார்ட்டான்தான் எழுதியிருக்காங்க.

மெடிக்கல் ஷாப்ல நாமளே வாங்குறதும் கணக்குல வரும். மூக்கடைப்புக்குக் கொடுக்குற ஜலதோஷ மாத்திரை நிறையவற்றுல ஃபினைலெஃப்ரின் இருக்கும், அது பிபிக்கு ஆகாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் பிபியை ஏத்தும், ஆஸ்துமா இருக்கற சிலருக்கு இழுப்பையும் கிளப்பும். "தலைவலிக்கு ஒண்ணு குடுங்கண்ணா"ன்னு கேக்குறப்போ ரெண்டு நோயையும் சொல்லிட்டுக் கேளுங்க.

சரி, நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். ஆஸ்துமாவும் பிபியும் இருக்கற சம்பளக்காரங்க பட்ஜெட்ல தினசரி மருந்து, வாடகைக்கு அடுத்த வரியில இருக்கணும்ங்கிறது என் கருத்து. கடைசியில, "மிஞ்சினா" வரியில இல்ல. விலையைக் குறைக்கணும்னா மருந்தை நிறுத்தாதீங்க, கடையை மாத்துங்க. மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகம் ரெண்டுலயும் பிபி மாத்திரை ரொம்ப மலிவு. எனக்கு மாசம் 210 ஆன மாத்திரை இப்போ 50-க்குள்ள முடியுது. ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி மாத்திரை இலவசம், நம்ம பசங்க ஏனோ அங்க போகக் கூச்சப்படுறாங்க. இன்ஹேலரை மட்டும் நீங்களா வேற பிராண்டுக்கு மாத்தாதீங்க. கருவி மாறினா இழுக்குற முறையும் மாறும்.

இன்சூரன்ஸ் பக்கம் வந்தா எனக்குக் கோவம் வரும். தனி பாலிசி எடுக்கப் போனப்போ ஏஜென்ட் அண்ணன் ஒருத்தர் சொன்னது: "ஆஸ்துமா எல்லாம் எழுதாதீங்க தம்பி, லோடிங் போட்டுருவாங்க." யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு நீங்க மூச்சு வாங்கிக்கிட்டு எமர்ஜென்சிக்குப் போனா டியூட்டி டாக்டர் முதல்ல கேக்குறதே "எத்தனை வருஷமா ஆஸ்துமா?"ன்னுதான். "சின்ன வயசுல இருந்து"ன்னு அம்மா சொல்வாங்க, அது கேஸ் ஷீட்ல ஏறும். கிளெய்ம்ல கம்பெனிக்குப் போறது அந்தக் காகிதம்தான். மறைச்சது தெரிஞ்சா கிளெய்மும் போகும், பாலிசியும் போகலாம்.

எழுதிட்டா என்ன ஆகும்? ஏற்கனவே இருக்கற நோய்க்குக் காத்திருப்புக் காலம். 2024-ல ஐஆர்டிஏஐ அதோட உச்ச வரம்பை 4 வருஷத்துல இருந்து 3 வருஷமா குறைச்சிடுச்சு. பிரீமியம் கொஞ்சம் கூடலாம். ஆனா 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்ல, அந்த மிச்சத்துல லோடிங்கை ஓரளவு சமாளிக்கலாம். 27 வயசுல உண்மையை எழுதி எடுத்தா 30-ல ரெண்டு நோய்க்கும் கவர் கிடைச்சிடும். ஆபீஸ் குரூப் பாலிசி பொதுவா முதல் நாள்ல இருந்தே கவர் பண்ணும், ஆனா வேலையை விட்டா அதோட அதுவும் முடிஞ்சுது. அதை நம்பி மட்டும் இருக்காதீங்க.

இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது. எமர்ஜென்சில மூணு மணி நேரம் நெபுலைசர் வெச்சுட்டு அனுப்பிட்டாங்கன்னா பெரும்பாலான பாலிசியில அது அட்மிஷனே இல்ல, காசு உங்களுது. வீட்டிலேயே வெச்சுப் பார்க்குற சிகிச்சைக்கான பிரிவுல, பல பாலிசிகள் விலக்கி வெச்சிருக்கற நோய்ப் பட்டியல்ல ஆஸ்துமா, பிபி ரெண்டுமே இருக்கும். அதனால இந்த ரெண்டும் இருக்கறவங்க எமர்ஜென்சி ஃபண்டுல தனியா ஒரு 15,000 ஒதுக்கி வைங்க, மியூச்சுவல் ஃபண்டுல இல்ல, சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே.

நான் இப்போ பர்ஸ்ல ஒரு சின்ன அட்டை வெச்சிருக்கேன். ஆஸ்துமா, பிபி, எடுக்கற மருந்து மூணு, ஆகாத மருந்து ஒண்ணு, அம்மா நம்பர். எந்த டாக்டர் கேட்டாலும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அதை மேசையில வெச்சிடுவேன். லேமினேஷன் செலவு 20 ரூபா. எக்செல்ல அதுவும் எழுதியிருக்கேன், 430-க்குக் கீழ.