பச்சைத் தண்ணீர் அறிந்தவர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு

சென்ற மாதம் ஒரு மகளிர் விடுதியில் (பெயர் வேண்டாம், இப்பதிவை வாசிக்கும் பலருக்கும் அது தம் விடுதியாகவே தோன்றக்கூடும்) அறையைக் காலி செய்த முதலாண்டு மாணவி ஒருத்தியிடம் 600 ரூபாய் அபராதம் பெறப்பட்டது. குற்றம், மெத்தையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழுப்புக் கறை. இரசீதில் எழுதப்பட்ட காரணம் ‘இதர சேதம்’. இடுக்கி மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து படிக்க வந்த பெண் அவள். பணத்தைக் கட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் ஊருக்குப் போய்விட்டாள்.

நிர்வாகம் அத்துடன் நிற்கவில்லை. மாதவிடாய்த் தூய்மை குறித்து ஒரு மணிநேர விழிப்புணர்வு வகுப்பு நடத்தியது. பின்வரிசையில் நானும் அமர்ந்திருந்தேன். கறையைப் பற்றி அவ்வகுப்பில் சொல்லப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்: நன்கு கொதித்த நீரில் ஊறவைத்து, பிளீச்சிங் பவுடர் இட்டுத் துவைக்க வேண்டும்.

அது பிழை. வெறும் பிழையன்று, கறையை நிரந்தரமாக்கும் வழி. இரத்தத்தில் நீர் நீங்கலாக உள்ளவை பெரும்பாலும் புரதங்கள். முட்டையின் வெண்கரு சூட்டில் இறுகுவதுபோல அவையும் இறுகி நூலிழையைப் பற்றிக்கொள்கின்றன. பின்னர் எவ்வளவு கசக்கினாலும் இறங்குவதில்லை. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு காற்றுப்பட்டுப் பழுப்பேறும். அதன்மேல் குளோரின் வெளுப்பானை ஊற்றினால் மஞ்சள் தடம் எஞ்சும். மூணாறு பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்த என் அம்மாச்சி புரதம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. நான் பூப்பெய்திய வாரத்தில் அவர் எனக்குச் சொன்னது மூன்றே சொற்கள்: “பச்சத் தண்ணியில அலசு.”

மொழியியல் படித்தவள் என்பதால் அந்த வாக்கியத்தில் சற்றுத் தங்குகிறேன். பச்சைத் தண்ணீர் என்றால் நெருப்புக் காணாத நீர். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் பச்சவெள்ளம் என்பதும் அதுவே. அலசுதல் என்றால் அடிக்காமல், தேய்க்காமல், நீரின் ஓட்டத்திலேயே அழுக்கைப் போகவிடுதல். துவைத்தல், கசக்குதல், கும்முதல், வெளுத்தல் ஆகிய எதுவும் அதற்கு ஈடன்று. வெப்பம் கூடாது, முதலில் உராய்வு கூடாது, காலம் தாழ்த்தக் கூடாது என்னும் மூன்று விதிகளையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மார்கழி, தை மாதங்களில் மூணாற்றில் புல்மேல் உறைபனி படியும். அந்த விடியலில் குழாய் நீரில் கையை விடுவது என்னவென்று அனுபவித்தவர்க்குத்தான் தெரியும். அடுப்பில் வெந்நீர் இருக்கும்போதே அதைத் தொடாமல் பச்சைத் தண்ணீரைத் தேடிப் போவது அறியாமையா?

நம் துறைகளில் எழுதப்படும் ஆய்வுகளோ அவ்வாறுதான் கொள்கின்றன. ‘விழிப்புணர்வின்மை’ என்ற ஒரு தலைப்பின்கீழ் வினாநிரல் தயாரிக்கிறோம். எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுகிறீர்கள் என்று கேட்கிறோம். துணியை எங்கே உலர்த்துகிறீர்கள், அங்கே வெயில் வருமா, வாளி உங்களுடையதா, நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதில்லை. கேட்டால் கட்டுரையின் முடிவில் பயிற்சி முகாமைப் பரிந்துரைக்க முடியாது. குழாயைப் பரிந்துரைக்க நேரும். குழாய்க்குச் சான்றிதழ் வழங்கிப் படம் எடுத்துக்கொள்ள இயலாதல்லவா?

மலைத்தோட்ட லயத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பல குடும்பங்களுக்குப் பொதுவான முற்றம். ஆனி, ஆடி மாதங்களில் நாள்கணக்கில் கதிரவன் முகம் தெரியாது. மாதவிடாய்த் துணி பிற துணிகளின் அடியிலோ அடுப்புப் புகைக்கு மேலோ பாதி ஈரத்துடன் தொங்கும். கறை போனாலும் ஈரம் போகாது. அரிப்பும் புண்ணும் அங்கிருந்து தொடங்குகின்றன. தோட்டங்களில் ஆண் பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டும் என 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவே கூறியது. கொழுந்துக்காட்டில் நாள்முழுதும் நிற்கும் பெண்ணுக்கு அப்பிரிவு தேயிலைப் புதர்களின் மறைவாகவே நடைமுறைக்கு வந்தது. 2015 செப்டம்பரில் பெண்களே திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து, மூணாற்று வீதியை அடைத்துப் பெம்பிளை ஒருமை எழுந்தபோது நாட்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸ் கேட்டுப் பெற்றார்கள். அப்போராட்டம் குறித்து நான் வாசித்த கட்டுரைகளில் கூலியும் சங்கமும் விரிவாக அலசப்பட்டுள்ளன. நனைந்த பாவாடையோடு மாலைவரை மலைச்சரிவில் நிற்பதைப் பற்றி ஒரு பத்தியும் இல்லை.

மலையை விட்டுப் பாலக்காட்டின் கிழக்கோரத்துக்கு இறங்கினால் நிலைமை தலைகீழ். என் தந்தைவழி ஊர் சித்தூர் வட்டத்தில். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்களில் வெயிலுக்குக் குறைவில்லை, குறைவெல்லாம் நீருக்குத்தான். அருகிலுள்ள பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் வற்றின, எஞ்சிய நீர் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்து கடினமாயிற்று. 2002 ஏப்ரல் 22 அன்று இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முதலானோர் ஆலை வாயிலில் அமர்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010இல் அரசுக் குழு கணக்கிட்ட இழப்பு 216.26 கோடி ரூபாய். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011இல் கேரளச் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இக்கதையைச் சுற்றுச்சூழல் வகுப்பில் கற்பிக்கிறோம். ஆனால் கடின நீரில் சோப்பு நுரைக்காது, கால்சியத்தோடு சேர்ந்து திரியாகத் திரண்டு துணியிலேயே படியும் என்னும் பள்ளிப்பாடத்தை அதனுடன் இணைத்துப் பார்த்தோமா? குடிக்கும் நீரைத் தொலைவிலிருந்து குடத்தில் சுமந்து வந்த வீடுகளில் இரத்தம் படிந்த விரிப்பை அலச எத்தனை குடம் ஒதுக்க முடிந்திருக்கும்? 216 கோடிக் கணக்கில் அதற்கென்று ஒரு வரி இருக்க வழியில்லை. அந்தக் குடங்களை யாரும் எண்ணவில்லை.

எண்ணாமைக்கு மொழியும் துணைநிற்கிறது. மாதவிலக்கு, தூரம், தீட்டு, மலையாளத்தில் தீண்டாரி. தீட்டு, தீண்டாரி இரண்டும் ‘தீண்டு’ என்னும் வினையின் வழிவந்தவை. இச்சொற்கள் பெண் எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதைச் சொல்கின்றன, இரத்தத்தைச் சொல்வதில்லை. புறநானூற்றின் 299ஆம் பாட்டிலேயே, களத்தில் ஒடுங்கி நின்ற குதிரைகளுக்கு முருகன் கோயிலில் பாத்திரம் தீண்டாது ஒதுங்கி நிற்கும் பெண்கள் உவமையாகிறார்கள். கறைக்கண்டன் என்று சிவனைப் போற்றும்போது கறை அணியாகிறது. ‘கறை நல்லது’ என்று சலவைத்தூள் விளம்பரம் கொண்டாடுவது குழந்தையின் சேற்றை. நாப்கின் விளம்பரங்களோ நெடுங்காலம் நீலத் திரவத்தைத்தான் ஊற்றிக் காட்டின. விடுதி இரசீதின் ‘இதர சேதம்’ இவ்வரிசையில் கடைசியாகச் சேர்ந்த சொல்.

இரத்தத்துக்குப் பெயரில்லை, ஆனால் அதைத் துவைக்க ஒரு சாதியையே ஒதுக்கிவைத்தோம். தமிழகத்தில் புதிரை வண்ணார்கள் தலித் மக்களின் பிள்ளைப்பேற்றுத் துணியையும் மாதவிலக்குத் துணியையும் வெளுக்கப் பணிக்கப்பட்டவர்கள். கண்ணில் பட்டாலே தீட்டு என்று பகலில் நடமாடவும் தடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கென நல வாரியம் அமைய 2009 வரை ஆயிற்று. கேரளத்தில் வண்ணாத்தி கொண்டுவரும் ‘மாற்று’த் துணியை உடுத்தினாலன்றித் தீட்டு நீங்காது என்ற வழக்கம் இருந்தது. கறை நீக்கும் நுட்பத்தை இந்த மண்ணில் யாரேனும் துறைபோகக் கற்றிருந்தால் அது இப்பெண்கள்தாம். அவர்களுக்கு அறிவுச் சொத்துரிமை வேண்டுமென நான் கேட்கவில்லை. அவர்களுடைய பேத்திகளை எதிரில் அமர்த்தி, கொதிநீர் ஊற்றுக என்று பாடம் எடுக்காமலாவது இருக்கலாம்.

வகுப்பில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். ஈரம் காயுமுன் கறையின் பின்புறத்திலிருந்து பச்சைத் தண்ணீர் ஓடவிடுக. பின்பு உப்பிட்ட குளிர்நீரில் ஊறவைத்துச் சாதாரண சோப்புப் போடுக. காய்ந்த கறைக்கு என்சைம் கலந்த சலவைத்தூளில் சில மணிநேரம் ஊறல் வேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது, அவையும் புரதமே. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வெள்ளைத் துணிக்கு உதவும். நிறத்துணியாயின் முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு இட்டுப் பார்க்க. மெத்தையில் நீரை ஊற்றாதீர்கள், உள்ளே இறங்கிவிடும். குளிர்ந்த ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். கறை முற்றும் போனபின்னரே இஸ்திரி.

2023 ஜனவரியில் கேரளப் பல்கலைக்கழகங்கள் மாணவியர்க்கு வருகைப்பதிவில் 2 சதவீதத் தளர்வு அளித்தன. நல்ல முடிவு, அதற்காகக் குரல் கொடுத்த மாணவர் அமைப்புகளுக்கு நன்றி. அதே அமைப்புகள் அடுத்து விடுதிகளைப் பார்க்கட்டும். மெத்தைக்குக் கழற்றித் துவைக்கக்கூடிய உறை, தளத்துக்கு இரண்டு வாளி, இரவிலும் நிற்காத நீர், கறைக்கு அபராதமில்லை என்ற ஒரு வரிச் சுற்றறிக்கை. வாங்கிய 600 ரூபாயையும் திருப்பித் தரவேண்டும்.

பின்குறிப்பாக ஒன்று. அந்த விடுதியின் மொட்டைமாடியில் நாள்முழுதும் நல்ல வெயில். மாணவியர் பாதுகாப்பை முன்னிட்டு அது பூட்டப்பட்டுள்ளது, சாவி வார்டனிடம்.