தையல் போட்ட புண்ணுக்கு முட்டை ஆகாதா?

1/ சிசேரியன் முடிஞ்ச 3-வது நாள். ரவுண்ட்ஸ் போறப்போ அந்தப் பொண்ணு தட்டுல வெறும் ரசம் சாதம். வார்டுல கொடுத்த முட்டை ஓரமா இருக்கு. கேட்டா அவங்க அம்மா சொல்றாங்க: "முட்டை, பருப்பெல்லாம் கொடுத்தா சீழ் வச்சிடும் டாக்டர்."

இதை அடிக்கடி கேட்கிறேன். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் தப்பு.

2/ தையல் புண்ணை ஆற்றாது. ஓரங்களைச் சேர்த்துப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். ஆற்றுவது செல்கள். வெட்டுப்பட்ட ஓரத்துல இருக்கிற தோல் செல்கள் நகர்ந்து, ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு இடைவெளியை மூடும்.

3/ ஒரு செல் பிரியணும்னா 46 குரோமோசோம்களையும் நகல் எடுக்கணும், புரதத்தைப் புதுசா தயாரிக்கணும். வேகமா பிரியற செல்லுக்கே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதில் கடைசியா ரெண்டா பிரியறது ஒரு மணி நேர வேலைதான். மீதி நேரம் முழுக்க சரக்கு சேர்க்கிற வேலை.

அந்தச் சரக்கு எங்கிருந்து வரும்? சாப்பாட்டில் இருந்துதான்.

4/ தோலுக்கு அடியில் புண்ணை இறுக்கிப் பிடிக்கிற கொலாஜனும் புரதம்தான். அது உருவாக வைட்டமின் சி-யும் வேணும்: நெல்லிக்காய், கொய்யா.

5/ அப்போ சீழ்? கிருமிகளும், அவற்றோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்களும்தான் சீழ். முட்டை சாப்பிடுவதால் அது வராது. கட்டுப்படாத சர்க்கரை, அழுக்குக் கை, புகைப்பழக்கம், சத்துக்குறைவு, இவைதான் வில்லன்கள். அதாவது, சீழுக்குப் பயந்து இருக்கிற பத்தியமே சீழுக்கு வழி விடலாம்.

6/ இதில் எங்கள் தப்பும் இருக்கு. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையை வரிசையா எழுதுறோம். என்ன சாப்பிடணும்னு ஒரு வரி எழுதறதில்லை. அந்த இடத்தைப் பத்தியம் பிடிச்சுக்குது.

7/ அதனால் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், பால் தாராளமா கொடுங்க. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. பால் கொடுக்கிற தாய்க்கு இது ரெட்டிப்பு அவசியம். சிறுநீரகப் பிரச்சினையோ உணவு அலர்ஜியோ இருந்தால் மட்டும் உங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க.

புண் சிவந்து, வீங்கி, நீர் கசிந்து, காய்ச்சலும் வந்தால் சாப்பாட்டைக் குறைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

8/ ஆபரேஷன் முடிஞ்சு யாராவது உங்க வீட்டில் இருந்தால், இன்னைக்கு அவங்க தட்டை ஒருமுறை பாருங்க.